எத்தனை நாளைக்கு இந்த மாத்திரை?
மனநோய் மருந்தைத் தொடர்வது குறித்து எழும் ஐயங்களுக்கு ஒரு விளக்கம்

மனநலப் புறநோயாளர் பிரிவில் நாங்கள் மிகுதியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து, கதவருகே சென்ற பின் திரும்பி நின்று, “எத்தனை நாளைக்குங்க இந்த மாத்திரை?” என்று கேட்பார்கள். வெளியே வரிசை நீண்டிருக்கும். “தொடர்ந்து சாப்பிடுங்கள், அடுத்த மாதம் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு நாங்களும் அடுத்தவரை அழைப்போம். அந்த விடை போதாது என்பதை நாங்கள் அறிவோம். கேட்டவர் மனத்தில் அக்கேள்வி அப்படியே தங்கிவிடுகிறது. சில வாரங்களில் அவரே ஒரு விடையைக் கண்டுகொள்கிறார்: யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்.

நோய் முற்றி மீண்டும் உள்நோயாளராகச் சேர்வோரின் வீட்டாரிடம் விசாரித்தால், பெரும்பாலும் இந்த மௌனத்தில்தான் கதை தொடங்கியிருக்கும். ஆகவே இவ்விதழில் அந்தக் கேள்விக்கு அமர்ந்து விடை கூற முயல்கிறோம். மனச்சிதைவு நோய், இருமுனை மனநோய், பிரசவத்திற்குப் பின் வரும் மனநோய் போன்றவற்றிற்கு அளிக்கப்படும் ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், ஹாலோபெரிடால், குவெட்டியபின், அரிப்பிபிரசோல், குளோசபின் முதலிய மருந்துகளைப் பற்றியது இக்கட்டுரை. ஐயம் கொள்வது குற்றமன்று. அதை மறைப்பதே ஆபத்து என்பதுதான் இதில் நாங்கள் சொல்ல விரும்புவது.

ஐயம் எங்கிருந்து எழுகிறது?

முதற்காரணம் நலம். காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன, அண்டை வீட்டார் சதி செய்கிறார்கள் என்ற எண்ணம் மறைந்துவிட்டது, தறிக்கும் திரும்பியாயிற்று. காய்ச்சல் விட்டபின் மாத்திரை எதற்கு என்று தோன்றுவது இயல்பே.

இரண்டாவது காரணம் உடல். எடை கூடுகிறது, பகலிலும் கண் சொருகுகிறது, கை நடுங்குகிறது, ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால் தவிக்கிறது, பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகிறது, ஆண்களுக்கு இல்லற வாழ்வில் தளர்ச்சி ஏற்படுகிறது. இவற்றுள் கடைசி இரண்டையும் பலர் எங்களிடம் சொல்வதேயில்லை. சொல்லாமலே மருந்தை விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது காரணம் ஊர். பெண் பார்க்க வருகிறார்கள்; மாத்திரை அட்டை கண்ணில் படக்கூடாது. மணமாகிச் சென்ற பெண் புகுந்த வீட்டில் மருந்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நிறுத்திவிடுகிறாள். “நரம்பு மாத்திரை”, “தூக்க மாத்திரை” என்று வேறு பெயர் சொல்லிச் சமாளிப்போரும் உண்டு.

நான்காவது காரணம் நோயே. தனக்கு நோய் இருப்பதை உணரும் திறனைச் சில வேளைகளில் மனச்சிதைவு நோய் மறைத்துவிடுகிறது. அந்நிலையில் உள்ளவருக்கு மாத்திரை தண்டனையாகத் தோன்றும். அதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கடிந்துகொள்வதால் பயன் இல்லை.

ஆக, நிறுத்த விரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எந்தக் காரணம் என்று தெரிந்தால்தான் அதற்குரிய விடையைச் சொல்ல முடியும்.

மருந்து என்ன செய்கிறது?

மூளையின் நரம்பணுக்கள் சில வேதிப்பொருள்களின் வழியே ஒன்றோடொன்று பேசுகின்றன. அவற்றுள் ஒன்று டோபமின். எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று மூளைக்கு உணர்த்துவதில் அதற்குப் பங்கு உண்டு. மனநோயில் இந்தச் செய்தி அளவுக்கு மீறி ஒலிக்கிறது. தெருவில் போகிறவரின் இருமலும் தமக்கென அனுப்பப்பட்ட குறிப்பாகத் தோன்றுகிறது. மருந்து, டோபமினை ஏற்கும் வாயில்களுள் ஒரு பகுதியை மறைத்து அந்த இரைச்சலைத் தணிக்கிறது. 1952-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் பயன்பாட்டுக்கு வந்த நாள் முதல் இன்றைய மருந்துகள் வரை பெரும்பாலானவற்றின் அடிப்படை இதுவே.

எனவே இது கிருமியைக் கொன்று நோயை ஒரேயடியாக முடித்துவைக்கும் மருந்து போன்றதன்று. இரத்த அழுத்த மாத்திரையைப் போல, உண்ணும் காலமெல்லாம் காப்பது. தூக்கம் இதன் பக்கவிளைவே. இது தூக்க மாத்திரை அன்று. மதுவைப் போல மேலும் மேலும் வேண்டுமென்ற வேட்கையையும் இது உண்டாக்குவதில்லை. ஆயினும் நீண்ட நாள் உண்டபின் உடல் இம்மருந்துக்குப் பழகிவிடுகிறது என்பது உண்மை. மறைக்கப்பட்ட வாயில்களுக்கு ஈடாக மூளை தன் கூருணர்வை உயர்த்திக்கொள்கிறது. அந்நிலையில் ஒரே நாளில் மருந்தை நிறுத்தினால் தூக்கமின்மை, குமட்டல், வியர்வை, பதற்றம் ஆகியவை வரலாம். அடக்கி வைத்த இரைச்சல் முன்னிலும் உரக்க எழலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கவனித்துப் படிக்க வேண்டுகிறோம். மாத்திரையை விட்ட பலருக்கு முதல் சில வாரங்கள் நன்றாகவே இருக்கும். மந்தம் நீங்கும், முகம் தெளியும், சுறுசுறுப்பு வரும். “பார்த்தீர்களா, மாத்திரைதான் என்னைக் கெடுத்தது” என்று அவரும் வீட்டாரும் நம்பிவிடுவார்கள். மேட்டூர் அணையில் கால்வாய் மதகை மூடிய அன்றே கடைமடை வயல் காய்ந்துவிடுவதில்லை. வாய்க்காலில் நின்ற நீரும் மண்ணின் ஈரமும் சில நாள் பயிரைத் தாங்கும். மருந்தும் அப்படியே. பக்கவிளைவுகள் முதலில் விலகுகின்றன. பாதுகாப்பு பின்னர்தான் விலகுகிறது. நோய் திரும்புவது மூன்றாம் மாதத்திலோ ஆறாம் மாதத்திலோ இருக்கக்கூடும். அப்போது அதற்கும் மாத்திரையை விட்டதற்கும் தொடர்பு உண்டு என்று எவருக்கும் தோன்றுவதில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

65 ஆய்வுகளில் பங்குகொண்ட ஏறத்தாழ 6,500 பேரின் முடிவுகளைத் திரட்டி 2012-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் ஒரு தொகுப்பை வெளியிட்டது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் நூற்றுக்கு 27 பேர். மருந்துக்குப் பதிலாக வெறும் மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 64 பேர். இரு எண்களையும் நிதானமாக நோக்குங்கள். மருந்து பெரிதும் காக்கிறது. ஆனாலும் உண்டவர்களில் 27 பேருக்கு நோய் திரும்பியது. உண்ணாதவர்களில் 36 பேருக்கு அந்த ஓராண்டில் திரும்பவில்லை. அந்த 36 பேரில் நீங்கள் ஒருவரா என்பதை முன்கூட்டியே காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்று கிடையாது. மருத்துவர் தயங்குவது இதனால்தான்.

முதன்முறையாக நோயுற்று, மருந்தால் முழுவதும் குணமாகி, ஓராண்டுக்கு மேல் நலமாக இருந்த 178 பேரை ஹாங்காங்கில் ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டனர். மருந்தைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கும், நிறுத்தியவர்களில் 79 பேருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. அவர்களையே பத்தாண்டு கழித்து நோக்கியபோது, தீய விளைவைக் கண்டவர்கள் நிறுத்திய பிரிவில் நூற்றுக்கு 39, தொடர்ந்த பிரிவில் 21. தொடக்க ஆண்டுகளில் அவசரப்பட்டு நிறுத்துவதன் சுமை பத்தாண்டுக்குப் பின்னும் நீங்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்வது எங்கள் கடமை. நெதர்லாந்தில் முதல் நோயிலிருந்து மீண்ட 103 பேரை ஏழாண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. தொடக்கத்தில் மருந்தைப் படிப்படியாகக் குறைத்த பிரிவினருக்கு முதல் ஒன்றரை ஆண்டில் நோய் திரும்புவது இருமடங்காக இருந்தது. ஆனால் ஏழாண்டு முடிவில் வேலை, குடும்பம், உறவு ஆகியவற்றிலும் முழுமையாக மீண்டவர்கள் அப்பிரிவில் நூற்றுக்கு 40. வழக்கமான அளவைத் தொடர்ந்த பிரிவில் 18. தேவைக்கு மேற்பட்ட மருந்து வாழ்வைச் சுருக்கக்கூடும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை. இங்கிலாந்தில் பலமுறை நோயுற்ற 253 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. மெதுவாகக் குறைத்தவர்களின் சமூக வாழ்வு ஈராண்டில் எதிர்பார்த்தபடி மேம்படவில்லை. கடுமையாக நோய் திரும்பியோர் குறைத்த பிரிவில் நூற்றுக்கு 25, தொடர்ந்த பிரிவில் 13.

நம் மாநிலத்துச் சான்றும் ஒன்று உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1980-களின் தொடக்கத்தில் மனச்சிதைவு நோய் புதிதாகத் தோன்றிய 90 பேரைப் பதிவு செய்து, டாக்டர் ஆர். தாரா முதலியோர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தனர். ‘சென்னை நெடுங்கால ஆய்வு’ என உலக மனநல மருத்துவர்கள் அறிந்தது அது. பத்தாண்டு முடிவில் மூன்றில் இரண்டு பங்கினர் அளவுக்கு நல்ல நிலையில் இருந்தனர். சிலருக்கு ஒரே ஒரு முறை வந்த நோய் பின்னர் வரவேயில்லை; பலருக்கு விட்டுவிட்டு வந்தது; சிலருக்கே விடாது நீடித்தது. மனச்சிதைவு நோய் வந்தால் வாழ்வே முடிந்தது என்ற எண்ணம் பொய் என்பதை நம் ஊர் மக்களே நிறுவிக் காட்டியுள்ளனர். எல்லாருக்கும் ஒரே பாதை இல்லை என்பதையும் அவர்களே காட்டியுள்ளனர்.

அப்படியானால் எவ்வளவு காலம்?

முதன்முறை நோயுற்றவர்கள், நலமான பின்னும் ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள் மருந்தைத் தொடர வேண்டும் என்பது இந்திய மனநல மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் நெறி. பலமுறை நோயுற்றவர்களுக்குக் கடைசி நோய்க்குப் பின் ஐந்தாண்டுகள் அல்லது அதற்கு மேல். நோயின்போது தற்கொலைக்கு முயன்றவர்களுக்கும் பிறரைத் தாக்கும் அளவுக்குச் சென்றவர்களுக்கும் இன்னும் நீண்ட காலம். சில நாள்களில் தோன்றிச் சில வாரங்களில் மறையும் குறுகிய மனநோய்க்கு இதைவிடக் குறைந்த காலம் போதலாம். இருமுனை மனநோய்க்குக் கணக்கு வேறு. “ஆயுள் முழுதும்” என்ற சொல் எல்லார்க்கும் பொருந்தாது. “நலமானால் நிறுத்தலாம்” என்ற சொல்லும் பொருந்தாது. உங்கள் நோயின் பெயர் என்ன, இது எத்தனையாவது முறை, எந்த ஆண்டில் மருந்தை மறு ஆய்வு செய்வோம் என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிவு தெரியாத பாதையை விட, மைல்கல் தெரிந்த பாதையில் நடப்பது எளிது.

பக்கவிளைவுகளைச் சகித்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றிற்கு மாற்று உண்டு. ஆனால் நீங்கள் சொன்னால்தான் அது எங்களுக்குத் தெரியும்.

எடையும் சர்க்கரையும்: ஓலன்சபின், குளோசபின் ஆகியவற்றில் இது மிகுதி. மருந்து தொடங்கும்போது எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்து, மூன்று மாதத்திலும் பின்னர் ஆண்டுதோறும் மீண்டும் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் நீங்களே நினைவூட்டுங்கள்.

கால் தவிப்பு: உட்கார முடியாமல் நடந்துகொண்டேயிருப்பதை வீட்டார் “நோய் கூடிவிட்டது” என்று எண்ணுவதுண்டு. அது மருந்தின் விளைவாகவும் இருக்கலாம். மருந்தின் அளவைக் குறைத்தால் தீரவும் கூடும்.

நடுக்கமும் விறைப்பும்: இவற்றுக்கென டிரைஹெக்சிபெனிடில் என்ற துணை மாத்திரையைத் தருகிறோம். அதனால் வாய் வறளும், மறதி வரும். எல்லார்க்கும் எப்போதும் அது தேவையில்லை. இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள்.

மாதவிலக்கு நிற்றல், மார்பில் பால் சுரத்தல், இல்லறத் தளர்ச்சி: ரிஸ்பெரிடோன் போன்றவற்றால் புரோலாக்டின் என்னும் சுரப்பு கூடுவதால் வரலாம். வேறு மருந்துக்கு மாற்ற வழி உண்டு. கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், செவிலியரிடமும் சொல்லலாம்.

வாய், நாக்கு, விரல்களின் தானாகிய அசைவு: ஆண்டுக்கணக்கில் மருந்து உண்டோருக்கு இது வரலாம், நிலைத்தும் விடலாம். ஆதலால் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். மருந்தே உண்டறியாத மனச்சிதைவு நோயாளர் சிலரிடமும் இவ்வசைவுகள் இருப்பதைச் சென்னை ஆய்வாளர்கள் பங்குகொண்ட ஓர் ஆய்வு 1990-களில் கண்டறிந்தது. மருந்து ஒரு காரணம், நோயும் ஒரு காரணம் என்பது அதன் பொருள்.

உடனே வரவேண்டியவை இரண்டு. கடும் காய்ச்சலுடன் உடல் விறைத்து மனம் குழம்பினால் அது அவசர நிலை. அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். குளோசபின் உண்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே இரத்த வெள்ளணுக்களைச் சோதிக்க வேண்டும். அவருக்குப் பல நாள் மலம் கழியாதிருப்பதையும் சிறிதாக எண்ணக்கூடாது.

நம் பகுதி வாழ்வும் மருந்தும்

நாமக்கல், சங்ககிரிப் பகுதிகளிலிருந்து லாரி ஓட்டிச் செல்வோர் மாத்திரையை விடுவதற்கு முதற்காரணம் தூக்கம். அது நியாயமான அச்சமே. புது மருந்து தொடங்கிய வாரங்களிலும் அளவு மாறிய நாள்களிலும் வண்டி ஓட்டக்கூடாது. பின்னர், தூக்கம் குறைந்த மருந்துக்கு மாற்றலாமா, உறங்கப் போகும் வேளைக்கு மாற்றலாமா என்று பேசலாம். வடமாநிலப் பயணம் இருபது நாள் நீளுமென்றால் முப்பது நாள் மாத்திரையும் சீட்டின் படமும் உடன் இருக்கட்டும். இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் நீண்டகால ஊசிகளும் உண்டு. நாள்தோறும் மாத்திரையை நினைவில் வைக்க இயலாதவர்களுக்கு அவை உதவும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறிமாறி வரும்போது “இரவு ஒன்று” என்ற குறிப்புக்குப் பொருளில்லாமல் போகிறது. உங்கள் ஷிப்டைச் சொல்லுங்கள். “உறங்குமுன் ஒன்று” என்று மாற்றி எழுதுகிறோம்.

கத்திரி வெயிலில் ஜவ்வரிசி காயவைக்கும் களத்திலும் கோழிப்பண்ணைக் கொட்டகையிலும் உழைப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இம்மருந்துகளும், குறிப்பாக நடுக்கத்திற்கான துணை மாத்திரையும், வியர்வையைக் குறைத்து உடற்சூட்டைத் தணியவிடாமல் செய்யக்கூடும். தாகம் எடுக்காவிடினும் தண்ணீர் குடியுங்கள். உச்சிவேளையில் நிழலில் இருங்கள்.

பீடி, சிகரெட் புகைப்போர் அதைத் திடீரென விட்டாலும், புதிதாகத் தொடங்கினாலும் சொல்லுங்கள். புகை, குளோசபின், ஓலன்சபின் ஆகியவற்றை உடலிலிருந்து விரைவாக நீக்குகிறது. புகையை விட்டதும் அதே மாத்திரை அளவு இரத்தத்தில் மிகுந்துவிடும். புகையை விடுவது நன்றே. மருந்தளவை அதற்கேற்ப மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஆடியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியதும், கார்த்திகையில் மாலை போட்டதும் மாத்திரை உண்ணலாகாது என்று நிறுத்துவோர் உண்டு. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை உண்டுகொண்டே விரதம் இருப்போர் பலரை நாம் அறிவோம், இதுவும் அத்தகையதே. குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கி வழிபட விரும்பும் குடும்பங்களை நாங்கள் தடுப்பதில்லை. மருந்தை உடன் எடுத்துச் செல்லுங்கள் என்றே சொல்கிறோம். ஏர்வாடி தர்காவில் ‘தவா, துவா’ என்ற பெயரில் மருந்தும் தொழுகையும் கைகோக்கும் திட்டத்தை அரசே நடத்தியிருக்கிறது.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

மகனுக்குத் தெரியாமல் சோற்றிலும் குழம்பிலும் மருந்தைக் கலந்து கொடுக்கும் தாய்மார்களை நாங்கள் அறிவோம். அவர்கள் பட்ட பாட்டையும் அறிவோம். அவர்களைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. ஆயினும் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். தனக்கு நஞ்சு வைக்கிறார்கள் என்று அஞ்சும் நோயாளி, ஒருநாள் குழம்பில் மாத்திரைத் தூளைக் கண்டுவிட்டால், அவர் ஐயம் மெய்யாகிவிடுகிறது. அதன்பின் அம்மா கையால் அவர் தண்ணீரும் வாங்கிக் குடிக்கமாட்டார். மேலும், பாதிச் சோற்றை ஒதுக்கினால் எவ்வளவு மருந்து உள்ளே சென்றது என்று யாருக்கும் தெரியாது. இந்நிலை உங்கள் வீட்டில் இருந்தால் மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். வெளிப்படையான வழிக்கு அவரைக் கொண்டுவர எவ்வளவு காலம் எடுத்தாலும் உடனிருந்து முயல்வோம்.

“மாத்திரை போட்டாயா?” என்ற ஒரே கேள்வியால் வீட்டுப் பேச்சு முழுவதையும் நிரப்பாதீர்கள். அவர் கோபப்படும்போதெல்லாம் “மாத்திரையை விட்டுவிட்டாய்” என்று சொல்லாதீர்கள். நோயற்றவருக்கும் கோபம் வரும். அதற்கு மாறாக, அவருக்கே உரிய முன்னறிகுறிகளை நலமாக இருக்கும் நாளில் அவரோடு அமர்ந்து எழுதி வையுங்கள். தூக்கம் குறைவது, தனியே முணுமுணுப்பது, குளிப்பதைத் தவிர்ப்பது, பழைய ஐயங்களை மீண்டும் பேசுவது என ஒவ்வொருவருக்கும் அது வேறுபடும். இரண்டு மூன்று அறிகுறிகள் சேர்ந்து தோன்றினால் அடுத்த தேதி வரை காத்திராமல் வாருங்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். சிகிச்சை கிட்டாத இடத்தில் குடும்பங்களுக்குச் சங்கிலி மட்டுமே மிஞ்சியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்கிறது. தனக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை நலமாக இருக்கும்போதே எழுதி வைக்கவும், தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் அச்சட்டம் உரிமை தருகிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகளை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பெறுவதும் உரிமையே. பணமில்லை, பேருந்துச் செலவுக்கு இல்லை என்பதால் மருந்தை விட நேர்ந்தால் அதையும் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் வட்ட மருத்துவமனைக்கு வரும் நாளைக் கேட்டுச் சொல்கிறோம்.

குறைப்பதென்றால் எப்படி?

நீங்கள் மருந்தைக் குறைக்க விரும்புவதாகச் சொன்னால், நாங்கள் சினம் கொள்ளமாட்டோம். முதலில் காலத்தைப் பார்ப்போம். குறைந்தது ஓராண்டாவது நலமாக இருக்கிறீர்களா, வீட்டில் துணை உண்டா, மது இல்லையா, வரும் மாதங்களில் திருமணம், தேர்வு, புது வேலை போன்ற பெருநிகழ்ச்சி இல்லையா என்று கேட்போம். பிறகு ஒரு நேரத்தில் ஒரே மருந்தை, சிறு அளவாக, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ இடைவெளி விட்டுக் குறைப்போம். மாத்திரையைப் பாதியாக்கினால் மூளையில் அதன் செயல் பாதியாகிவிடாது, கொஞ்சமே குறையும். கடைசி ஒன்றிரண்டு மில்லிகிராமைக் குறைக்கும்போதுதான் பெரும் மாற்றம் நிகழும். ஆகவே முடிவை நெருங்க நெருங்கப் படிகள் சிறியனவாக வேண்டும். ஒரு படியில் முன்னறிகுறி தோன்றினால் முந்தைய படிக்குத் திரும்புவோம். அது தோல்வியன்று, உங்களுக்குத் தேவையான மிகக் குறைந்த அளவு எது என்று அதனால் தெரிந்துவிட்டது. பலருக்கு இம்முயற்சி மருந்தை முற்றும் விடுவதில் முடிவதில்லை. முன்பு உண்டதைவிடக் குறைந்த அளவில், குறைந்த தொல்லையோடு தொடர்வதில் முடிகிறது.

கருவுற விரும்பும் பெண்கள் முன்பே சொல்லிவிடுவது நல்லது. கருவுற்றதை அறிந்த அன்றே அச்சத்தால் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். உடனே வந்து காணுங்கள். எது தொடரலாம், எதை மாற்ற வேண்டும் என்று மகப்பேறு மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுக்கலாம்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களுக்கும் ஒரு சொல். திட்டுவார்களோ என்று அஞ்சி வராமல் இருந்துவிடாதீர்கள். எந்த நாளில் விட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். விட்ட மருந்தை நீங்களாகவே பழைய முழு அளவில் மீண்டும் தொடங்க வேண்டாம். குளோசபினை இரண்டு நாளுக்கு மேல் விட்டிருந்தால் மிகச் சிறிய அளவிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும்.

அடுத்த முறை வரும்போது

1. மீந்திருக்கும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவாருங்கள். எண்ணிக்கை கூடியிருந்தாலும் வெட்கப்பட வேண்டாம்.
2. நாட்டு மருந்து, லேகியம், வேறு மருத்துவரின் மாத்திரை எதை உண்டாலும் சொல்லுங்கள்.
3. மிகவும் வருத்தும் பக்கவிளைவு ஒன்றை எழுதி வாருங்கள். அதிலிருந்து பேச்சைத் தொடங்குவோம்.
4. மருந்தை விட எண்ணியிருந்தால் அமர்ந்தவுடன் சொல்லுங்கள். கதவருகே சென்றபின் சொன்னால் நேரம் போதாது.
5. தற்கொலை எண்ணம் தோன்றினாலோ, பேச ஒருவர் தேவைப்பட்டாலோ எந்நேரமும் 14416 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள், தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் 108.

மாத்திரையை உண்பவர் நீங்கள். அதன் சுமையைத் தாங்குபவரும் நீங்களே. ஆகவே அதைப் பற்றி வினவும் உரிமை முதலில் உங்களுடையது. அடுத்த முறை அந்தக் கேள்வியை நாற்காலியில் அமர்ந்தவாறே கேளுங்கள். விடை சொல்ல நாங்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அமர்ந்திருப்போம்.